விண்ணப்பம் அனுப்பியாயிற்று, பரிந்துரைக் கடிதம் போய்ச் சேரவில்லை

கேள்வி: திருநெல்வேலியில் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்க முதல்முறையாக ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துள்ளேன். டிசம்பர் 15-ஆம் தேதியோடு கெடு முடிந்துவிட்டது. ஆனால் ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் நான்கு இடங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று காட்டுகிறது. விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடுமா? முடிவு எப்போது தெரியும்? இடையில் எழுதிக் கேட்கலாமா?

பதில்: பெரும்பாலும் தள்ளுபடியாகாது, ஆனால் இந்த வாரத்தை வீணாக்கக் கூடாது. கெடு என்பது முதன்மையாக உங்கள் கையில் இருப்பவற்றுக்கு, அதாவது படிவம், ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் நோக்க அறிக்கை, கட்டணம் ஆகியவற்றுக்கு உரியது. பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் வேறொருவர் என்பது துறைகளுக்குத் தெரியும் என்பதால், சில நாள் தாமதத்தைப் பல துறைகள் பொறுத்துக்கொள்கின்றன. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அங்கே அலுவலகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். சேர்க்கைக் குழுவினர் அதன் பிறகு முனைப்பாகப் படிக்கத் தொடங்கும்போது உங்கள் கோப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

ஆறில் இரண்டு இடங்களுக்குக் கடிதம் போய், நான்குக்குப் போகவில்லை என்பதிலேயே காரணம் ஓரளவு தெரிகிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பேராசிரியருக்குத் தனித்தனி மின்னஞ்சலில் தனித்தனி இணைப்பு அனுப்புகிறது. ஓரிரு இணைப்புகளில் கடிதத்தை ஏற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. மற்ற மின்னஞ்சல்கள் ஸ்பேமிலோ, அவர் அரிதாகத் திறக்கும் கல்லூரி முகவரியிலோ கிடக்கும். விண்ணப்பத் தளத்தில் உள்ள நினைவூட்டல் பொத்தானை அழுத்திவிட்டு, தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல் நேரில் சென்று, எந்தெந்தப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் போகவில்லை என்ற பட்டியலைக் கொடுத்து, அவர் தமது கணினியைத் திறந்து பார்க்கும்வரை பணிவோடு காத்திருங்கள். அதன் பிறகு அந்த நான்கு துறைகளின் முதுநிலைச் சேர்க்கை ஒருங்கிணைப்பாளருக்கு, கடிதம் எந்தத் தேதிக்குள் வரும் என்பதைக் குறிப்பிட்டு நான்கு வரிகளில் எழுதினால் போதும்.

‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்று அவர் சொன்னால், அதை ஏற்காதீர்கள். அது நேர்மையல்ல என்பது ஒருபுறமிருக்க, நோக்க அறிக்கையும் பரிந்துரைக் கடிதமும் ஒரே நடையில் இருப்பதை வரிசையாகப் படிக்கும் குழுவினர் எளிதில் கண்டுகொள்வார்கள். நீங்கள் செய்த ஆய்வுத் திட்டத்தின் சுருக்கத்தையும் மதிப்பெண் பட்டியலையும் கொடுத்து, அவரையே எழுதச் சொல்வதுதான் முறை.

நீங்கள் கேட்காவிட்டாலும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத் திறன் தேர்வான டோஃபலின் மதிப்பெண் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். ஆனால் விண்ணப்பப் படிவம் அதைக் காலியாக விட அனுமதிக்காததால், தேர்வுப் பதிவில் தந்தையின் பெயரையும் விண்ணப்பத்தில் முதலெழுத்தையும் இட்டு நிரப்பியிருப்போம். இரண்டும் ஒருவரே என்பது கணினிக்குத் தெரியாது. மதிப்பெண் அனுப்பப்பட்டு இரண்டு வாரங்களுக்குப் பிறகும் ‘வரவில்லை’ என்றே காட்டினால், தேர்வுப் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் குறிப்பிட்டுச் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

முடிவைப் பொறுத்தவரை, பிஎச்.டி. சேர்க்கையைத் தீர்மானிப்பது துறைப் பேராசிரியர்கள் அடங்கிய குழுதான். சில துறைகள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஜூமில் நேர்காணல் நடத்தும். பல துறைகள் நடத்துவதே இல்லை என்பதால், அழைப்பு வராததை நிராகரிப்பாகக் கொள்ள வேண்டாம். முதல் சுற்று அனுமதிகள் பெரும்பாலும் பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் வரும். நிராகரிப்புக் கடிதங்களோ மார்ச், ஏப்ரல் வரை இழுக்கும். காத்திருப்போர் பட்டியலில் வைத்திருப்பவர்களிடம் அதைச் சொல்லாமலே இருக்கும் துறைகளும் உண்டு. 2025-இல் அரசின் ஆய்வு நிதி குறைக்கப்பட்டபோது சில பல்கலைக்கழகங்கள் இடங்களைக் குறைத்தன, சேர்க்கையை நிறுத்தியும் வைத்தன. எனவே முந்தைய ஆண்டு மாணவர்களுக்கு வந்த தேதிகளை வைத்துக் கணக்குப் போடுவதில் பெரிய பயனில்லை.

அதுவரை ‘என் விண்ணப்பம் என்னவாயிற்று’ என்று மட்டும் கேட்டு எழுத வேண்டாம். அதற்கு வரும் பதில், ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரியாகவே இருக்கும். புதிய பருவ மதிப்பெண், ஏற்கப்பட்ட ஆய்வுக் கட்டுரை, வேறொரு பல்கலைக்கழகம் அளித்துள்ள அனுமதி ஆகியவற்றுள் ஒன்று கையில் இருந்தால் எழுதலாம். இந்தியாவிலேயே பிஎச்.டி. சேர உதவும் கேட், ஜெஸ்ட் தேர்வுகளுக்கு விண்ணப்பித்திருந்தால் படிப்பதை விட்டுவிடாதீர்கள்.

அனுமதி வந்தால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டிய அவசரம் இல்லை. அமெரிக்க முதுநிலைக் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் தீர்மானத்தின்படி, அதில் இணைந்துள்ள பல்கலைக்கழகங்கள் நிதியுதவியோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்ல மாணவருக்குக் கடமை இல்லை. அந்த இடைவெளியில் கடிதத்தைக் கவனமாகப் படித்து, உதவித்தொகை ஒன்பது மாதங்களுக்கா பன்னிரண்டு மாதங்களுக்கா, மருத்துவக் காப்பீடு சேர்ந்ததா, எத்தனை ஆண்டுகளுக்கு உறுதியளிக்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு இடங்களில் கிடைத்து, ஒன்றுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டால், அதை அன்றே தெரிவித்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியல் நகர்வது அப்படித்தான். நீங்களே அந்தப் பட்டியலில் இருந்தால், இடம் கிடைத்தால் வரத் தயார் என்று மார்ச் இறுதியில் ஒருமுறை எழுதிவிட்டு, ஏப்ரல் 15-ஐ ஒட்டிய நாட்களில் மின்னஞ்சலைக் காலையும் மாலையும் பாருங்கள். காலியாகும் இடத்துக்கு ஓரிரு நாள் அவகாசம் மட்டுமே தரும் துறைகளும் உண்டு.