ஆறு கார்தானே என்கிறீர்களா?

கேள்வி: நரேன் கார்த்திகேயனை ‘இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரர்’ என்று இன்னும் கொண்டாடுகிறீர்கள். அவர் எடுத்ததே மொத்தம் ஐந்து புள்ளி. அதுவும் ஆறு கார் மட்டும் ஓடிய பந்தயத்தில். உண்மையான திறமை இருந்தால் மேலே வந்திருக்க மாட்டாரா? சூழ்நிலையைக் காரணம் சொல்வது சப்பைக்கட்டுதானே?

பதில்: இல்லை. நீங்கள் சொன்ன விவரங்கள் சரி. அவற்றை வைத்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு.

முதலில் அந்த ஆறு கார். 2005 ஜூன், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அங்கே சாய்வாகக் கட்டிய கடைசித் திருப்பத்தை மிச்செலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்துவிட்டது. அந்த டயர் போட்ட 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன்பே ஓடுதளத்தை விட்டுத் தங்கள் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் இருந்த ஃபெராரி, ஜோர்டான், மினார்டி அணிகளின் ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேனுக்கு நான்காம் இடம். அவருடைய ஜோர்டான் அணியின் இன்னொரு வீரர் டியாகோ மோன்டெய்ரோ அவருக்கு முன்னால் மூன்றாவதாக வந்தார். எதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டின் கணக்கை முழுதாகப் பாருங்கள். மொத்தம் 19 பந்தயம். ஜோர்டான் அணி எடுத்தது 12 புள்ளி. அதில் 11 அந்த ஒரே நாளில் வந்தவை. மீதி 18 பந்தயங்களில் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தது ஒரே ஒரு புள்ளி. அந்தக் கார் அவ்வளவுதான் போகும். அதே காரில் மெல்போர்னில் நடந்த தன் முதல் பந்தயத்துக்கு, மழை குழப்பிய தகுதிச்சுற்றில் (யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் சுற்று), நரேன் 12-வது இடம் பிடித்ததை ஏனோ யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

புள்ளிதான் அளவுகோல் என்றால் இன்னொருவரையும் அதே கோலால் அளக்க வேண்டும். ஃபெர்னாண்டோ அலோன்சோ 2001-ல் மினார்டி காரில் அறிமுகமானார். சீசன் முழுக்க ஓட்டி அவர் எடுத்த புள்ளி பூஜ்யம். ஆனால் அவருக்குப் பின்னால் பிரெஞ்சுக் கார் கம்பெனி ரெனோவின் அணி இருந்தது. அடுத்த ஆண்டு அங்கே சோதனை ஓட்டுநர், அதற்கடுத்த ஆண்டு பந்தயக் கார், அந்த ஆண்டே ஹங்கேரியில் வெற்றி, 2005-ல் உலக சாம்பியன். 2001 முடிவில் அவருடைய புள்ளியை மட்டும் பார்த்து ‘சரி, இவ்வளவுதான்’ என்று யாராவது எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நரேனுக்கும் அதே மினார்டியின் கதவு திறந்தது. 2003-ல் ஃபார்முலா ஒன்னுக்குக் கீழ்ப்படியான நிஸ்ஸான் வேர்ல்ட் சீரிஸில் பந்தயங்களை வென்றார், மினார்டி அவரைக் காரில் ஏற்றிச் சோதித்தது, 2004 சீசனுக்கு இடம் தருவதாகவும் சொன்னது. பணத்தோடு வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தேவையான ஸ்பான்சர் கிடைக்கவில்லை, வாய்ப்பு போயிற்று. ஒருவருக்கு ஓட்டத் தெரியும் என்று ஒரு ஃபார்முலா ஒன் அணியே ஒப்புக்கொண்ட பிறகு, அவர் வெளியே நிற்க நேர்ந்தால் அதற்குச் சூழ்நிலை என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பது? மினார்டியில் ஏறும்போது அலோன்சோவுக்கு வயது 19. டாடாவின் ஆதரவோடு நரேன் ஜோர்டானில் ஏறும்போது 28.

அந்த ஒன்பது வருடம் எங்கே போயிற்று என்றும் கேட்கலாம். லூயிஸ் ஹாமில்டன் எட்டு வயதில் ‘கார்ட்’ என்ற சின்னப் பந்தய வண்டியை ஓட்டத் தொடங்கி, 13 வயதில் மெக்லாரன் என்ற ஃபார்முலா ஒன் அணியின் அரவணைப்புக்குள் வந்துவிட்டார். நரேன் முறையான பயிற்சிக்கு பிரான்சின் வின்ஃபீல்ட் பள்ளிக்குப் போனதே 1992-ல், 15 வயதில். அப்புறம் கீழ்ப்படிப் பந்தயங்கள் ஒவ்வொன்றாக: முதலில் ஃபார்முலா மாருதி. 1996-ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். அங்கிருந்து பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ. அப்பா ஜி.ஆர். கார்த்திகேயனே பெயர் பெற்ற ராலி வீரர், வீட்டில் வசதியும் இருந்தது, உண்மைதான். ஆனால் ஃபார்முலா ஒன் செலவு எந்தக் குடும்பத்தின் தோளும் தாங்குகிற சுமை அல்ல. ஒரு கார் கம்பெனியோ பெரிய நிறுவனமோ பத்து வருடம் கூடவே வர வேண்டும். இவருக்கு அப்படி யாரும் வரவில்லை.

2011-ல் ஹெச்ஆர்டி என்ற ஃபார்முலா ஒன் அணியில் மறுபடி இடம் கிடைத்தது. புதிய காரை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் மெல்போர்னுக்குப் போன அணி அது. தகுதிச்சுற்றின் குறைந்தபட்ச வேகத்தைக்கூட எட்டாததால் முதல் பந்தயத்தில் ஓடவே விடவில்லை. சீசன் பாதியில் நரேனின் இடம், ரெட்புல் அணி வளர்த்துவந்த டேனியல் ரிக்கார்டோவுக்குப் போனது. அக்டோபர் 30, நொய்டா அருகே புத் சர்வதேச ஓடுதளத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரிக்ஸ். அந்த ஒரு பந்தயத்துக்கு நரேனைத் திரும்ப அழைத்தார்கள். நரேன் 17-வது, அதே அணியில் அதே காரோடு ஓடிய ரிக்கார்டோ 18-வது. பின்னாளில் ரிக்கார்டோ எட்டு கிராண்ட் பிரிக்ஸ் வென்றார். ஹெச்ஆர்டியில் அவர் எடுத்த புள்ளியும் பூஜ்யம்தான். ஒரு பந்தயத்தை வைத்து நரேன்தான் சிறந்தவர் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காரில் யார் சிறந்தவர் என்று பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன்.

துரதிர்ஷ்டமும் விடவில்லை. 2009 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆடி கார் கிடைத்திருந்தது. பந்தயத்துக்குச் சற்று முன் கீழே விழுந்து தோள்பட்டை விலகி, ஏறவே முடியாமல் போயிற்று.

அவர் உலக சாம்பியன் ஆகியிருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நடுவரிசைக் கார் ஒன்றில் இரண்டு முழு சீசன் கிடைத்திருந்தால் அவர் யார் என்று தெரிந்திருக்கும். அது கடைசிவரை கிடைக்கவில்லை. ஃபார்முலா ஒன்னுக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய்ப் பல வருடம் ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபுஜி ஓடுதளத்தில் ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத் தொடரின் கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் தொடரின் கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயம் ஒன்றில் ஹோண்டாவில் இறங்கி முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 42. அன்று ஓடுதளத்தில் ஆறைவிட மிக அதிகமான கார்கள் இருந்தன.