ஹைட்ரஜன் துறைக்குப் போக கெமிக்கல் படித்தால் போதும்

பிள்ளை ஹைட்ரஜன் துறைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள், அண்ணாச்சி. ஆசை நல்லதுதான். ஆனால் இளநிலையில் 'ஹைட்ரஜன்' என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி அலைய வேண்டாம். கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்கச் சொல்லுங்கள். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு.

ஹைட்ரஜனை அப்படியே கப்பலில் ஏற்றுவது பெரும்பாடு. அதனால் டொலுவீன் என்ற கரிமத் திரவத்தோடு சேர்த்து மெத்தில்சைக்ளோஹெக்சேன் என்ற திரவமாக்குகிறார்கள். எடையில் 6.2 சதவீதம்தான் ஹைட்ரஜன்; ஒரு கிலோ வேண்டுமென்றால் 16 கிலோ, அதாவது 21 லிட்டர் திரவம். போய்ச் சேர்ந்த இடத்தில், பிளாட்டினம் வினையூக்கியின் மேல் 350 டிகிரி வாக்கில்தான் ஹைட்ரஜன் பிரியும். அதற்குக் கிலோவுக்கு 9.4 யூனிட் வெப்பம் செலவு. அந்தக் கிலோவில் இருப்பதே 33 யூனிட், அதிலும் ஏறக்குறைய பாதிதான் ஃப்யூயல் செல்லில், அதாவது ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியில், கரண்டாகும். மீதி வெப்பத்தைத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அமிலச் சவ்வு வைத்த பெம் (PEM) வகை ஃப்யூயல் செல் 80 டிகிரி வாக்கில்தான் ஓடுகிறது. அந்தச் சூட்டை வைத்து 350 டிகிரி உலையை ஓட்ட முடியாது. வேலை இருப்பதே இந்த இடத்தில்தான்: உலை, வெப்பப் பரிமாற்றி, பிளாட்டினத்தில் கரி படிந்து வினை மந்தமாவது, வாயுவோடு வரும் டொலுவீன் ஆவியைக் குளிர்வித்துப் பிரிப்பது. அத்தனையும் கெமிக்கல் பாடம்.

ஹைட்ரஜனை வேறு பொருளாகவும் ஏற்றலாம். அம்மோனியாவில் 17.8 சதவீதம் ஹைட்ரஜன், பார்க்க லாபம். ஆனால் பிளந்த பிறகு மிஞ்சும் அம்மோனியா பெம் செல்லின் அமிலச் சவ்வைக் கெடுக்கும். வாகன ஹைட்ரஜனுக்கான ஐஎஸ்ஓ 14687 என்ற சர்வதேசத் தரம் 0.1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 0.1 பங்கு) மேல் அம்மோனியாவை விடாது. ஃபார்மிக் அமிலம் 100 டிகிரிக்குள்ளேயே பிரியும், ஆனால் கிடைப்பது 4.4 சதவீதம்.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் கெமிக்கலும் எலக்ட்ரோகெமிக்கலும் சேர்ந்த பி.டெக் உண்டு, என் முதல் தேர்வு அது. அடுத்தது சென்னை ஏ.சி. டெக், அதாவது அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. ஹைட்ரஜன் சந்தை சுணங்கினாலும் தூத்துக்குடி ஸ்பிக் போன்ற உர ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இதே பட்டத்தைத்தான் கேட்கும். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் எஞ்சினுக்குத் திரவ ஹைட்ரஜனைக் கையாளுகிறார்கள், ஆனால் அது கடுங்குளிர் வேலை, வேறு வித்தை.

கலந்தாய்வுக்கு முன் பிள்ளையிடம் அந்த 9.4 யூனிட் கணக்கைப் போடச் சொல்லுங்கள்: கிலோவுக்குச் சுமார் 500 மோல், மோலுக்கு 68 கிலோஜூல், 3,600 கிலோஜூல் ஒரு யூனிட். விடை வந்ததும், "அந்தச் சூட்டுக்கு எங்கே போவே?" என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் வேறு பிரிவும் பார்க்கலாம். "வந்த ஹைட்ரஜனிலேயே கொஞ்சம் எரித்தால் எவ்வளவு போகும்?" என்று அவளே அடுத்த கணக்குக்குப் போனால் கெமிக்கல் சீட்டை விட்டுவிடாதீர்கள்.