புது வெப்சைட்டுக்கு விளம்பரம் எப்போது? கேள்வி பதில்

சிறு வியாபாரத் தளங்களுக்கு கூகுள், மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரங்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். புதிதாக வெப்சைட் தொடங்கியவர்கள் காசு கட்டி விளம்பரம் போடுவது பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். எந்த ஹோஸ்டிங் நல்லது, லோகோ எப்படி இருக்கிறது என்பதெல்லாம் என் ஏரியா இல்லை. அவற்றைத் தாண்டிப் போய்விட்டேன்.

சார், சின்னாளபட்டியிலிருந்து காட்டன் சேலை விற்கிறேன். போன வாரம்தான் சைட் வந்தது. எத்தனை மாதம் கழித்து விளம்பரம் ஆரம்பிக்கணும்?

மாதக் கணக்கு எதுவும் கிடையாது. விளம்பரம் இல்லாமல் வந்த நாலு பேர் உங்களுக்கு போன் செய்யாமலே வாங்கிவிட்டுப் போகிறார்களா? அதுதான் கணக்கு.

உங்களிடம் ஏற்கனவே வாட்ஸ்அப்பில் வாங்குகிறவர்கள் இருப்பார்கள். முதலில் அவர்களுக்கு லிங்க் அனுப்பி, "இனிமேல் இதில் ஆர்டர் போடுங்கள்" என்று சொல்லுங்கள். எங்கே திணறுகிறார்கள் என்று பாருங்கள். "ரவிக்கைத் துணி உண்டா?", "சாயம் போகுமா?", "எத்தனை நாளில் வரும்?" என்று மறுபடியும் உங்களையே கேட்டால், அந்தப் பதில்கள் சேலைப் படத்துக்குக் கீழே இல்லை என்று அர்த்தம். கூரியர் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். தெரிந்தவர்களே வாங்க முடியாத கடைக்குத் தெரியாதவர்களைக் காசு கொடுத்துக் கூப்பிட்டு என்ன பயன்?

அது சரியானதும் பேப்பரில் ஒரு கணக்குப் போடுங்கள். சேலை 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல், பேக்கிங், கூரியர், கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்களால் வரும் நஷ்டம் எல்லாம் போக 250 மிஞ்சுகிறது. நூறு பேர் வந்தால் இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்றால் நூறு கிளிக்குக்கு லாபம் 500. ஆக ஒரு கிளிக்குக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சம் ஐந்து ரூபாய். விளம்பர பில்லுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அதுவும் உங்கள் செலவுதான். அப்போது வரிக்கு முன்னால் நாலே கால் ரூபாயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் கைக்காசு.

இந்த நூற்றுக்கு இரண்டு என்பதை நான் சொல்லி நீங்கள் நம்பக் கூடாது. உங்கள் தளத்தில் எண்ணித் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்டர் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கம் எண்ணப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். இதை இன்னும் நிறைய தடவை சொல்லப் போகிறேன்.

ஆரம்பத்தில் பட்ஜெட் எவ்வளவு வைக்கலாம்?

முழுதாகப் போனாலும் தூக்கம் கெடாத தொகை. ஆனால் ரொம்பக் குறைத்தால் ஒன்றும் புரியாது. நூற்றுக்கு இரண்டு பேர் வாங்கும் தளத்தில்கூட நூறு கிளிக்கில் ஒருவரும் வாங்காமல் போவது ஏழெட்டுத் தடவைக்கு ஒரு தடவை நடக்கும். அதனால் முந்நூறு, நானூறு கிளிக் வரும்வரை தீர்ப்பு எழுதாதீர்கள். கிளிக் ஐந்து ரூபாய் என்றால் இரண்டாயிரம் ரூபாய்.

இன்னொன்று. கூகுளில் தினம் 200 என்று வைத்தால் ஒரு நாளில் 400 வரை எடுக்கும். மாதக் கணக்கில் தினத் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது. முதல் வாரம் ஒரே நாளில் 400 போனதைப் பார்த்து பதறி நிறுத்துகிறவர்கள் அதிகம்.

அண்ணா, காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய். "செக்கு எண்ணெய்" என்ற கீவேர்டு (விளம்பரம் வர வேண்டிய தேடல் சொல்) போட்டு கூகுளில் பத்து நாள் ஓட்டினேன். கிளிக் குவிகிறது, ஆர்டர் ஒன்றுகூட இல்லை. தேடல் சொற்கள் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பட்டியலோடு வந்த முதல் ஆள் நீங்கள்தான். நன்றி.

உங்கள் விளம்பரம் வந்தபோது ஆட்கள் உண்மையில் தட்டிய தேடல்கள்தான் இந்தப் பட்டியல். அதில் என்ன இருக்கிறது? "செக்கு எண்ணெய் மிஷின் விலை", "மரச்செக்கு தொழில் லாபமா", "செக்கு ஆயில் பிசினஸ் லோன்", "வீட்டில் தேங்காய் எண்ணெய் எடுப்பது எப்படி". இவர்களில் எண்ணெய் வாங்க வந்தவர் யார்? பாதிப் பேர் உங்களுக்குப் போட்டியாகச் செக்கு போடப் போகிறவர்கள்! அவர்கள் படிப்புக்கு நீங்கள் ஃபீஸ் கட்டியிருக்கிறீர்கள்.

காரணம், கீவேர்டை அப்படியே தட்டினால் கூகுள் அதை பிராட் மேட்ச் என்று எடுத்துக்கொள்ளும். அதோடு தொடர்புள்ளது என்று அது நினைக்கும் எல்லாத் தேடலுக்கும் காட்டும். புதுக் கணக்கில், எண்ணுவதற்கு ஆர்டரே இல்லாதபோது, எது நல்ல தேடல் என்று அதற்குத் தெரிய வழியில்லை. இப்போதைக்கு எக்ஸாக்ட் (அதே பொருளுள்ள தேடலுக்கு மட்டும்), ஃப்ரேஸ் (அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடலுக்கு) இரண்டு மட்டும் வையுங்கள். "செக்கு நல்லெண்ணெய் 5 லிட்டர் விலை" மாதிரி வாங்கும் வாடை அடிக்கும் சொற்களாக இருக்கட்டும். மிஷின், தொழில், பிசினஸ், லோன், வேலை, எப்படி, இவற்றை நெகட்டிவில், அதாவது விளம்பரம் வரக் கூடாத சொற்களில் போடுங்கள். தமிழில், ஆங்கிலத்தில், தங்கிலீஷில், மூன்றிலும். மரச்செக்கு என்பதை ஆங்கில எழுத்தில் நம் ஆட்கள் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது.

அப்புறம் உங்கள் சைட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணைக் காணோம். உணவுப் பொருளை ஆன்லைனில் விற்றால் அது தெரிய வேண்டும். விளம்பரத்துக்கு முந்தைய வேலை அது. நன்றிப் பக்கம் எண்ணப்படுகிறதா?

விளம்பரம் போட்டால் கூகுளில் இலவசமாகவும் மேலே வருவோமாமே?

இல்லை. காசு கட்டுவதற்கும் சாதாரணத் தேடல் வரிசைக்கும் சம்பந்தமில்லை என்று கூகுளே சொல்கிறது. வேறு மாதிரி சொல்லி உங்களிடம் பணம் வாங்கியவர் யாரோ, அவரிடம் கேளுங்கள்.

சைட் ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது, விளம்பரம் போடலாமா?

முதல் பதில்.

சிவகாசி பட்டாசு. தீபாவளிக்கு முன்னால் எப்போது ஆரம்பிப்பது?

கூகுள் ஆட்ஸில் பட்டாசுக்கு இடமில்லை. ஆபத்தான பொருள்கள் பட்டியலில் வருகிறது. அதோடு, ஆன்லைனில் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. விலைப்பட்டியல் என்று போட்டாலும் கணக்கு முடங்கலாம். பழைய வாடிக்கையாளர் போன் நம்பர்கள்தான் உங்கள் சொத்து.

சர்க்கரை நோயை அடியோடு போக்கும் மூலிகைப் பொடி...

1954-ம் வருட மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தில் சர்க்கரை நோய் பெயர் சொல்லியே இருக்கிறது. வேண்டாம்.

திருமணத் தகவல் தளம் தொடங்கியிருக்கிறேன். பெரிய தளங்களின் பெயரையே கீவேர்டாகப் போட்டால் அவர்கள் கூட்டம் நம் பக்கம் வருமே?

வரும், ஆனால் லாகின் செய்ய வந்த கூட்டம். அந்தப் பெயரைத் தட்டுகிறவர்களில் நிறையப் பேர் ஏற்கனவே அங்கே உறுப்பினர்கள். உங்கள் பக்கத்தில் அந்தப் பெயரே இல்லாததால், விளம்பரத்துக்கு கூகுள் போடும் தரப் புள்ளியும் குறையும். அதே இடத்துக்கு நீங்கள் அதிகம் கொடுக்க வேண்டிவரும்.

இந்தச் சண்டை உங்கள் தொழிலில்தான் கோர்ட்டுக்கும் போனது. பாரத்மேட்ரிமோனி நடத்திய கன்சிம் இன்ஃபோ, கூகுளையும் போட்டித் தளங்களையும் எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010-ல் தனி நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்தார். தமிழ், மேட்ரிமோனி எல்லாம் பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள் என்பது முக்கியக் காரணம்.

(விளம்பர ஏஜென்சி நடத்தும் ஒருவர் குறுக்கிட்டது) கோர்ட்டே விட்டுவிட்டதே, அப்புறம் ஏன் பயமுறுத்துகிறீர்கள்? பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கிளையன்ட்டுக்கு எதிராளி பேரில்தான் எனக்கு நல்ல லீடு (விசாரித்து வரும் போன்) வருகிறது.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்று நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அகர்வால் பேக்கர்ஸ் பெயர் சம்பந்தப்பட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னதைப் பாருங்கள். பிறர் பெயரைக் கீவேர்டாக வைப்பது மட்டுமே குற்றம் ஆகிவிடாது. ஆனால் பார்க்கிறவர் குழம்பினால் பிரச்சினை, அப்போது கூகுளும் கைகழுவ முடியாது. உங்கள் விளம்பர வரியில் எதிராளி பெயர் இருக்கிறதா?

இல்லை. டைனமிக் கீவேர்டு மட்டும் போட்டிருக்கிறேன்.

அதுதானே பெயரைத் தலைப்பில் கொண்டுபோய் ஒட்டுகிறது! தேடுகிறவர் எதிராளி பெயரைத் தட்டுகிறார், உங்கள் விளம்பரத் தலைப்பில் அதே பெயர், கிளிக் செய்தால் உங்கள் கிளையன்ட். குழப்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

லீடு வருவது வருகிறதே.

வருகிறது. அதில் எத்தனை பேர் "நீங்கள்தானே அவர்கள்?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தார்கள்? சாமான் ஏற்றினதை எண்ணுகிறீர்களா, போன் வந்ததை எண்ணுகிறீர்களா? நாலு வருடம் ஓடும் கம்பெனி, கூடுதல் பட்ஜெட்டில், தன் பெயரைத் தெளிவாகப் போட்டு இதைச் செய்து பார்த்தால் நான் தடுக்க மாட்டேன். நேற்றுப் பிறந்த சைட்டின் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்கு இது இடமில்லை.

அப்படியானால் என் பெயரில் எதிராளி விளம்பரம் போட்டால், என் பெயருக்கே நான் காசு கட்டணுமா?

உங்கள் பெயரை யாராவது தேடுகிறார்களா என்று சர்ச் கன்சோலில் (உங்கள் சைட் எந்தத் தேடல்களில் வருகிறது என்று காட்டும் கூகுள் கருவி) பாருங்கள், இலவசம்தான். புது சைட் என்றால் அநேகமாக நீங்களும் உங்கள் மச்சானும் மட்டும் தேடியிருப்பீர்கள். தேடல் வரத் தொடங்கி, மேலே எதிராளியும் நின்றால், பெயரை எக்ஸாக்டில் போடுங்கள். மலிவாகத்தான் வரும். இந்த விஷயத்தை இதோடு முடித்துக்கொள்வோம். கேள்விகள் நிறைய இருக்கின்றன.

இன்ஸ்டாகிராமில் பூஸ்ட் போட்டால் போதாதா? கவரிங் நகை.

நகை, சேலை எல்லாம் கண்ணால் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவது, மெட்டா பொருத்தம்தான். ஆனால் போட்ட பதிவையே காசு கட்டிப் பரப்பும் பூஸ்ட் பட்டன் லைக்கையும் மெசேஜையும்தான் அதிகம் கொண்டுவரும். மெட்டாவின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜரில் விற்பனை நோக்கம் வைத்துப் போடுங்கள். ஆர்டர் மாதிரி நீங்கள் எண்ணச் சொல்லும் செயல் வாரத்துக்குச் சுமார் ஐம்பது நடந்தால்தான், யாருக்குக் காட்டலாம் என்று மெட்டா கற்று முடிக்கும். உங்களுக்கு வாரம் மூன்று ஆர்டர் என்றால் தற்காலிகமாக "கூடையில் போட்டது" என்பதை எண்ணச் சொல்லலாம். தினம் ஒரு மாற்றம் செய்யாதீர்கள், கற்றது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நன்றிப் பக்கம்? எண்ணிச் சொல்லும் மெட்டாவின் பிக்சல் கோடு அங்கே இருக்கிறதா?

எங்கள் விளம்பரக் கணக்கு ஏஜென்சி பெயரில் இருக்கிறது, பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. கணக்கு உங்கள் மின்னஞ்சலில், கார்டு உங்களுடையது, அவர்களுக்கு அனுமதி மட்டும். பிரியும்போது கணக்கின் வரலாறு முழுக்க அவர்களோடு போய்விடும்.

சைட் புதுசு, விளம்பரம் எப்போது...

முதல் பதில், முதல் பதில்.

செய்தித் தளம் வைத்திருக்கிறேன். விளம்பரம் போட்டு ஆளைக் கூட்டி, ஆட்சென்ஸில் (நம் தளத்தில் கூகுள் விளம்பரம் காட்டிச் சம்பாதிப்பது) எடுத்துவிடலாமா?

ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்த 2018-லிருந்து இந்தக் கேள்வி வருகிறது. ரூபாயில் வாங்கி பைசாவில் விற்பது. விடுங்கள்.

தாம்பரத்தில் ஏசி சர்வீஸ். சைட் ஒரே பக்கம்தான்: போன் நம்பர், ரேட், எந்தெந்த ஏரியா. நேற்றுதான் போட்டேன். எனக்கும் காத்திருக்கத்தான் சொல்வீர்களா?

இல்லை, நீங்கள் நாளைக்கே தொடங்கலாம். ஏசி ஒழுகுகிறவர் நாலு கடை பார்த்து ஆசைப்படப் போவதில்லை. முதலில் போன் எடுப்பவருக்கு வேலை. ரேட் பக்கத்திலேயே இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

தேடல் விளம்பரம் மட்டும். பிற தளங்களில் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க், கூட்டாளித் தளங்களின் தேடலில் காட்டும் சர்ச் பார்ட்னர்ஸ் இரண்டும் டிக் ஆகியே வரும், எடுத்துவிடுங்கள். இடம் தேர்வில் "அங்கே இருப்பவர்கள்" என்பதை மட்டும் வையுங்கள். இல்லையென்றால் தாம்பரத்தில் ஆர்வம் உள்ளவர் என்று மதுரையில் இருப்பவருக்கும் காட்டும். நீங்கள் போன் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் ஓட்டுங்கள். ஏசி விலை, செகண்ட் ஹேண்ட், மெக்கானிக் வேலை, ஐடிஐ கோர்ஸ் எல்லாம் நெகட்டிவ். உங்களுக்கு நன்றிப் பக்கம் கிடையாது, அதனால் போன் பட்டனை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதை எண்ணுங்கள். ரேட்டில் கேஸ் நிரப்பும் விலையைக் காணோம், இன்று ராத்திரியே சேர்த்துவிடுங்கள்.