கண்காட்சிப் பலகையில் ஓவியங்கள் சாயாமல் நிற்க

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு திருமண மண்டபத்தில் மூன்று நாள் ஓவியக் கண்காட்சி நடத்த இருக்கிறோம். சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லை. பந்தல்காரர் இரும்பு வலைப் பலகைகளையும் சணல் துணி போர்த்திய பிளைவுட் பலகைகளையும் வாடகைக்குத் தருகிறார். சென்ற முறை படங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தன. ஒன்று விழுந்து கண்ணாடி உடைந்தது. எப்படி மாட்டுவது? (ஓவிய ஆசிரியர், கிருஷ்ணகிரி)

பதில்: பிரேம் கடைகளில் பெரும்பாலும் சட்டத்தின் மேல் நடுவில் ஒரே ஒரு கொக்கியைப் பொருத்தித் தருகிறார்கள். வீட்டுச் சுவரில் மாட்டிய பிறகு யாரும் தொடாத படத்துக்கு அது போதும். கண்காட்சிப் பலகையோ அருகே நாலு பேர் நடந்தாலே அதிரும், தோள் பட்டால் அசையும் என்பதால், ஒற்றைப் புள்ளியில் தொங்கும் படம் ஒவ்வோர் அதிர்விலும் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஆகவே, சிறிய படமானாலும் இரண்டு புள்ளிகளில் தொங்கவிடுங்கள். சட்டத்தின் பின்புறம் இடது, வலது கட்டைகளில் ஒரே உயரத்தில் இரண்டு டி வளையங்களை ஸ்க்ரூ வைத்து முடுக்க வேண்டும். வளையம் கீழே இறங்க இறங்கப் படத்தின் தலைப்பகுதி முன்னால் சாயும். எனவே மேல் விளிம்புக்குக் கீழே உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ போடும் முன் மெல்லிய துளை இடாவிட்டால் ஒல்லியான கட்டை விரிசல் விடும்.

இரண்டு வகைப் பலகைகளில் எதை எடுப்பது என்றால், நான் வலைப் பலகையைத்தான் சொல்வேன். அதில் ஒரே கிடைக்கம்பியில் இரண்டு எஸ் கொக்கிகளை மாட்டி, அவற்றில் நேரடியாக டி வளையங்களைக் கோத்துவிட்டால், பலகை மட்டமாக நிற்கும் வரை படமும் மட்டமாகவே நிற்கும். ஒவ்வொரு படத்துக்கும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, பலகைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கொக்கி கம்பியின் நடுவில் இருந்தால் வழுக்கி நகரும் என்பதால், நெடுக்குக் கம்பியை ஒட்டி அதை மாட்டி, ஒரு பிளாஸ்டிக் டேக்கால் இறுக்கிவிடுங்கள். கொக்கியின் மேல் வளைவைக் குறடால் சற்று நெருக்கிவிட்டால், யாராவது படத்தைக் கீழிருந்து தூக்கினாலும் கொக்கி கம்பியை விட்டுக் கழன்று வராது.

பிளைவுட் பலகைதான் கிடைக்கிறது என்றால், துணியின் மேல் இரட்டைப் பக்க டேப்பை நம்ப வேண்டாம். டேப் துணியைத்தான் பிடிக்கும், பலகையை அல்ல, நம் ஊர்க் கோடை வெப்பத்தில் அதன் பசையும் இளகிவிடும். பலகையின் மேல் விளிம்பைக் கவ்வும்படி வளைத்த தட்டைக் கம்பிக் கொக்கிகளை லேத் பட்டறையிலோ வெல்டிங் பட்டறையிலோ செய்து வாங்கி, அவற்றிலிருந்து முறுக்குக் கம்பியில் தொங்கவிடலாம். இங்கும் ஒரு படத்துக்கு இரண்டு கொக்கி, இரண்டு நேர்க்கம்பி. தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்று பலர் அதை விரும்புகிறார்கள். அது எடையில் மெல்ல நீளும், முடிச்சும் நழுவும். காலையில் மட்டமாக இருந்த படம் மாலையில் சாய்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு வளையங்களையும் ஒரே கம்பியால் இணைத்து நடுவில் மாட்டும் பழைய முறையை விட முடியாதவர்கள் கம்பியை விறைப்பாகக் கட்டாமல் இருக்க வேண்டும். கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை மட்டும் உயர்ந்திருந்தால், படத்தின் முழு எடைக்குச் சமமான இழுவிசை ஒவ்வொரு பக்கத்திலும் விழுகிறது. 60 பாகையாகத் தளர்த்தினால் அது எடையில் சுமார் 58 சதவீதமாகக் குறைகிறது. சென்ற முறை விழுந்த படத்தின் பின்புறத்தைப் பாருங்கள். விறைத்த கம்பி ஸ்க்ரூவைப் பக்கவாட்டில் பிடுங்கியிருந்தால் கட்டையில் அதன் தடம் தெரியும்.

எடையைப் பொறுத்தவரை கணக்கு எளிது. கண்ணாடி ஒரு மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ எடை கொண்டது. மூன்றடிக்கு இரண்டடிப் படத்தில் 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே 4 கிலோவுக்கு மேல் வரும். அதே தடிமன் அக்ரிலிக் என்றால் அதில் பாதிக்கும் குறைவு. மாணவர்களின் படங்களுக்கு அக்ரிலிக்கே போதும், கீறல் விழாமல் துணி சுற்றி எடுத்துச் சென்றால் சரி.

படம் விழாவிட்டாலும் பலகையே விழலாம், அதுதான் பெரிய ஆபத்து. பலகைகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்தாமல், ஒன்றுக்கொன்று கோணம் வைத்து மடக்கு மடக்காக நிறுத்தி, சேரும் இடத்தில் மேலும் கீழும் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். கனமான படங்கள் அந்த மூட்டுகளுக்கு அருகில் வரட்டும். கால்களின் மேல் பாரம் வைக்க மணல் மூட்டை தேடி அலைய வேண்டாம்; நம் மாவட்டத்தில் கிரானைட் பட்டறைகளில் வெட்டித் தள்ளிய துண்டுகள் கிடைக்கும். ஓரடிச் சதுரமும் 20 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு துண்டு ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். காலுக்கு இரண்டு வைத்துத் துணியால் மூடினால் யார் காலையும் இடறாது. மண்டபத்தின் பெரிய பெடஸ்டல் மின்விசிறிகளைத் துணிப் பலகையை நோக்கித் திருப்பவே கூடாது. முற்றத்திலோ பந்தலிலோ வைப்பதாக இருந்தால், ஆடிக் காற்றுக்குத் துணிப் பலகை தாங்காது. காற்று ஊடே போகும் வலைப் பலகைதான் வேண்டும்.

உயரத்துக்கு, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ.க்குள் வரட்டும். 60 செ.மீ. உயரமுள்ள படத்தில் வளையம் மேலிருந்து 8 செ.மீ. கீழே இருந்தால், நடுவை 150 செ.மீ.யில் நிறுத்த வளையம் 172 செ.மீ. உயரத்தில் அமைய வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள் என்றால் ஒரு சாண் இறக்கலாம்.

பலகையின் இரு பக்கமும் படம் மாட்டினால் எடை சமமாகும். ஆனால் கண்காட்சி முடியும் முன்பே விற்ற படத்தை வாங்கியவரிடம் கொடுத்து அனுப்புவதாக இருந்தால், அதைக் கழற்றுவதற்கு முன் அந்தப் படம் இருக்கும் பக்கத்துக் காலின் மேல் இன்னொரு கல்லை வைத்துவிடுங்கள்.