மொழியை விரிக்கலாம், பொதுச்சொல்லை மாற்றலாமா?

கேள்வி: இங்குள்ள இறால் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நிரலராக வேலை பார்க்கிறேன். எங்கள் கொள்முதல் கணக்கு மென்பொருளைச் சி மொழியில் எழுதியவர், மேக்ரோக்களை (ஒரு சொல்லை எழுதினால் அதன் இடத்தில் வேறு நிரலைப் போடும் சுருக்கங்கள்) வைத்து அந்த மொழியையே தம் விருப்பத்திற்கு மாற்றிவிட்டு, வேலையை விட்டுப் போய்விட்டார். சி நன்றாகத் தெரிந்த எனக்கே முதல் இரண்டு மாதம் ஒரு பக்கத்தைக்கூட முழுதாக வாசிக்க முடியவில்லை. மொழியை அவரவர் விரித்துக்கொள்ள இடம் கொடுப்பதே தவறு, மொழியின் அதிகாரபூர்வ விதிநூலான ஸ்டாண்டர்டில் உள்ளது மட்டும் போதும் என்று நினைக்கிறேன். சரிதானா, ஐயா?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: உங்கள் அவதி உண்மையானது, ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. யூனிக்ஸ் இயங்குதளத்தில் நாம் இடும் கட்டளைகளை வாங்கி நடத்தும் ஷெல் ஒன்றை எழுதிய ஸ்டீபன் போர்ன், அல்கால் 68 என்ற பழைய நிரல் மொழியின் மீதிருந்த பற்றினால் சி மேக்ரோக்களைக் கொண்டு இதையேதான் செய்தார். அவருடைய நிரலில் சி மொழியின் நெளிவு அடைப்புக்குறிகள் பெரும்பாலும் மறைந்து, ‘இஃப்’ என்று தொடங்கும் நிபந்தனை, அதே சொல்லைத் திருப்பிப் போட்ட ‘ஃபை’ என்பதில் முடியும். நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலருக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை, வாசிப்பவர்தான் திணறினார். புரியாத சி நிரல்களுக்காக 1984இல் தொடங்கிய போட்டிக்கு அந்த நிரலும் ஒரு தூண்டுதல்.

எது பொதுமொழி, எது ஒருவரின் சொந்தச் சேர்க்கை என்று பக்கத்தைப் பார்த்தே அறிய முடியாமல் போனதுதான் இரண்டு இடத்திலும் நேர்ந்த கேடு. இதற்கு நல்ல மாற்று உங்கள் ஊர்க் கடலிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பாம்பனில் நிற்கும் ஒரு விசைப்படகின் ஜிபிஎஸ் கருவியைக் கணினியோடு இணைத்தால், கடல் கருவிகளுக்காக 1983இல் வந்த ‘என்எம்இஏ 0183’ என்ற தரத்தின்படி வரிவரியாக எழுத்துகள் வரும். ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கும். ‘ஜிபிஆர்எம்சி’ என்று இருந்தால் அது இடம், வேகம், நேரம் சொல்லும் பொதுவான வரி. அதில் அட்சரேகையின் இடத்தில் 0917 என்று தொடங்கும் எண்ணை எந்த நிறுவனத்தின் கருவியும் 9 பாகை 17 நிமிடம் என்றே படிக்கும். அதே தரம், டாலர் குறியை அடுத்து ‘பி’ என்ற எழுத்து வந்தால் அது தயாரிப்பாளரின் சொந்த வரி என்றும், அதன்பின் நிறுவனத்தின் மூன்றெழுத்துக் குறியீடு வரவேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. அந்த வரியை அறியாத கருவி தாண்டிப் போய்விடும். அதனால் எதுவும் கெடாது.

சி மொழியின் ஸ்டாண்டர்டும் இப்படி ஓர் இடத்தை ஒதுக்கியே வைத்திருக்கிறது. இரண்டு அடிக்கோடுகளில் தொடங்கும் பெயர்கள் கம்பைலர் எழுதுவோருக்கு உரியவை. நாம் அவற்றைத் தொடக் கூடாது. ஜிசிசி கம்பைலர், ஒரு மாறியின் வகையைத் தரும் ‘டைப்ஆஃப்’ என்ற வசதியை அந்த அடிக்கோட்டு வடிவிலும் பல ஆண்டுகள் தந்துவந்தது. பலரும் பயன்படுத்தித் தேறிய பிறகு அது சி23 என்னும் ஸ்டாண்டர்டில் இடம் பெற்றது. நீட்டிப்புக்கு முதலிலேயே தடை போட்டிருந்தால், இந்தச் சோதனை எங்கே நடந்திருக்கும்?

விரிப்பதற்கென்றே பெயர்பெற்ற லிஸ்ப் மொழியில் இந்த எல்லை இன்னும் தெளிவாக இருக்கிறது. அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சி 1994இல் வகுத்த காமன் லிஸ்ப், நம் சொந்தப் பெயரில் எத்தனை மேக்ரோ வேண்டுமானாலும் எழுத விடுகிறது. மொழிக்கு உரிய பெயர்களை மாற்றி வரையறுப்பதை மட்டும் தடுக்கிறது. உங்கள் முன்னவர் மீறியது இந்த ஒழுங்கைத்தான். ஜாவாஸ்கிரிப்டில் இதை மீறியதன் விலையை எல்லோரும் கொடுத்தார்கள்: மூடூல்ஸ் என்ற ஆயத்த நிரல் நூலகம், பட்டியல்களுக்கான மொழியின் அரே பொருளிலேயே ‘ஃபிளாட்டன்’ என்ற சொல்லைச் சேர்த்திருந்ததால், 2018இல் அதே பெயரை ஸ்டாண்டர்டில் கொண்டுவந்தால் பழைய தளங்கள் உடையும் என்று தெரியவந்து, கடைசியில் ‘ஃபிளாட்’ என்று பெயரை மாற்ற வேண்டியதாயிற்று.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஜிசிசியின் ‘மைனஸ் ஈ’ விருப்பத்தைக் கொடுத்தால் மேக்ரோக்கள் எல்லாம் பிரிந்து, கம்பைலர் பார்க்கும் சி நிரல் அப்படியே கிடைக்கும். அதை அருகில் வைத்துக்கொண்டு, மொழியின் சொற்களை மறைக்கும் மேக்ரோக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். ஆனால் இறாலின் கவுண்ட் (குறித்த எடைக்கு எத்தனை இறால் என்ற எண்ணிக்கை), பெட்டி எடை போன்ற தொழில் சொற்களுக்கு அவர் வைத்த மேக்ரோக்கள் இருந்தால், அவற்றைக் காப்பாற்றுங்கள். அவை உங்கள் நிறுவனத்தின் அறிவு.

கேள்வி: பைத்தான் நிரல் மொழிக்கு உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரம் இல்லையாமே, அப்படியானால் அதில் ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதலாமா?
– ஒரு மாணவர், கீழக்கரை

பதில்: எழுத முடியாது. பைத்தான் நிரல்களை இயக்கும் சிபைத்தான் என்ற முதன்மை மென்பொருளும், மொழிக் கையேடும், ‘பெப்’ எனப்படும் முன்மொழிவுகளும் சேர்ந்து அங்கே தரத்தின் வேலையைச் செய்கின்றன. ‘+’ போன்று இருக்கும் குறிகளுக்கு, நீங்கள் நிரலில் உருவாக்கும் ‘கிளாஸ்’ எனப்படும் தரவு வகையில் புதுப் பொருள் தரலாம். புதுக் குறியை நீங்களாக உருவாக்க வழியில்லை. அணிப்பெருக்கலுக்குத் தனிக் குறி வேண்டும் என்று அறிவியல் கணக்கு செய்வோர் கேட்டபோது, பெப் 465 என்ற முன்மொழிவு ஏற்கப்பட்டு, 2015இல் வந்த 3.5 பதிப்பில்தான் ‘@’ குறி அந்த வேலைக்கு வந்தது.