ரவுட்டரின் முதுகில் ஒரு ஹார்ட் டிஸ்க்

ரவுட்டரின் பின்பக்கம் உள்ள யூஎஸ்பி துளையில் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்கைக் கொழுவினேன். லைட் எரிகிறது, உள்ளே டிக் டிக் என்று சத்தம் வருகிறது, வேறொன்றும் நடக்கவில்லை. டிஸ்க் பழுதா? (கிளிநொச்சி)

கழற்றிக் கணினியில் கொழுவிப் பாருங்கள். அங்கேயும் அதே சத்தம் என்றால் டிஸ்கில்தான் பிழை. உள்ளே முக்கியமான கோப்புகள் இருந்தால் திரும்பத் திரும்ப முயன்று பார்க்காமல் திருத்துபவரிடம் கொடுங்கள். கணினியில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் ரவுட்டர் கொடுக்கும் கரண்ட் போதவில்லை. யூஎஸ்பி 2 துளைக்கு விதித்த அளவு 500 மில்லிஅம்பியர், யூஎஸ்பி 3 என்றால் 900. சுழலும் டிஸ்க் ஓடத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் கூடுதலாக இழுக்கும். கிணற்று மோட்டரைப் போட்டதும் வீட்டு லைட் மங்குகிறதே, அதே கதைதான். தனி அடப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் (ஒரு துளையைப் பல துளையாக்கும் பெட்டி) ஒன்றை இடையில் போட்டால் பெரும்பாலும் சரிவரும். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று. யூஎஸ்பி துளை இருப்பதாலேயே எல்லா ரவுட்டரும் டிஸ்கை ஏற்றுக்கொள்ளாது. சிலவற்றில் அது பிரிண்டருக்கோ டொங்கிளுக்கோ மட்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் (பல ரவுட்டர்களில் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் வரும்) ஸ்டோரேஜ் அல்லது ஃபைல் ஷேரிங் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஹப்புக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அந்த டிஸ்கில் உள்ள படத்தை ரிவியில் பார்த்தால் டேட்டா கழியுமா? (மாங்குளம்)

ஒரு துளியும் கழியாது. படம் டிஸ்கிலிருந்து ரவுட்டருக்கும், அங்கிருந்து ரிவிக்கும் போகிறது. வீட்டு வேலியைத் தாண்டுவதே இல்லை. மாத முடிவில் டேட்டா தீர்ந்து போனாலும் பார்க்கலாம். மாதக் கணக்குப் பார்த்து 4ஜி பாவிக்கிற எங்கள் பக்கத்து வீடுகளுக்கு ரவுட்டரில் டிஸ்க் போடுவதன் முழுப் பயனும் இதுதான் என்பேன்.

தங்கையின் கலியாண வீடியோ 6 ஜிபி. டிஸ்கில் 300 ஜிபி வெறுமையாக இருந்தும் ஏறமாட்டேன் என்கிறது. (ஒட்டுசுட்டான்)

டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கச் சில முறைகள் உண்டு. உங்கள் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, எவ்வளவு இடம் இருந்தாலும். என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றுங்கள்; எக்ஸ்ஃபேட்டும் நல்லதுதான், ஆனால் பழைய ரவுட்டர்கள் பலவற்றுக்கு அது புரியாது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழியும், எனவே முதலில் வேறிடத்துக்கு எடுத்து வையுங்கள். பெரிய கோப்புகளை வைஃபை வழியாக ஏற்றிக்கொண்டு பொழுதைப் போக்காதீர்கள். டிஸ்கைக் கணினியில் நேரே கொழுவி நிரப்பிவிட்டு, பிறகு ரவுட்டருக்குக் கொண்டுபோங்கள்.

டிஸ்க் போட்ட நாளிலிருந்து வைஃபை விட்டு விட்டு வருகிறது. (வவுனியா)

யூஎஸ்பி 3 டிஸ்கும் அதன் வயரும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைக் குழப்பும். டிஸ்கை ரவுட்டரின் அன்டெனாவை விட்டு ஒரு முழமாவது தள்ளி வையுங்கள், அல்லது போனையும் ரிவியையும் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

போனில் டிஸ்க் தெரிகிறது. விண்டோஸ் கணினியோ எஸ்எம்பி1 வேண்டும் என்று சொல்லி உள்ளே விட மறுக்கிறது. (மல்லாவி)

மறுப்பது உங்கள் நன்மைக்குத்தான். எஸ்எம்பி1 என்பது வலையில் கோப்புகளைப் பகிரும் பழைய முறை. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை அதன் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது தானாக நிறுவப்படுவதில்லை. இணையத்தில் அதைத் திரும்ப இயக்கும் வழி நிறையக் கிடைக்கும், செய்யாதீர்கள். ரவுட்டருக்குப் புதிய ஃபர்ம்வேர் (அதன் உள்ளே ஓடும் மென்பொருள்) இருந்தால் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் போனிலும் ரிவியிலும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இடம்பெயர்வில் எங்கள் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. கனடாவில் அக்காவிடம் இருந்த பழைய படங்களின் பிரதிகளை ஸ்கேன் செய்து வாங்கி ரவுட்டர் டிஸ்கில் சேர்த்திருக்கிறோம். இங்கே நாங்கள் சேர்ப்பதை அவர் அங்கிருந்து பார்க்க வழி உண்டா, அண்ணா? (புதுக்குடியிருப்பு)

நீங்கள் 4ஜி இணைப்பில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் அநேகமாக நடக்காது, தங்கச்சி. உங்களைப்போலப் பல வீடுகளை நிறுவனம் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும். வெளியிலிருந்து வருபவர் அந்த வாசல்வரை வரலாம், எந்த வீடு என்று அவருக்குத் தெரியாது. ரவுட்டர் பக்கத்தில் இணைய முகவரி 10 என்று தொடங்கினாலோ, 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தாலோ அதுதான் விஷயம். பைபர் இணைப்பு எடுத்து வழி கிடைத்தாலும், எஃப்டிபி (வெளியிலிருந்து கோப்புகளை எடுக்கும் பழைய வழி) கதவைத் திறந்து விடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திறந்த கதவைத் தேடி இணையத்தில் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டு திரிகிறார்கள். அக்காவுக்குக் காட்ட வேண்டிய படங்களை மட்டும் கிளவுடில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன். ரவுட்டர் டிஸ்கில் மட்டும் அந்தப் படங்களை விட்டுவைக்காதீர்கள். அது எல்லாரும் எடுத்துப் பார்க்க வைத்த மேசை, பெட்டகம் இல்லை. இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்து வேறு வீட்டில், சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ, வையுங்கள். அக்காவிடமும் முழுவதும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அடிக்கடி கரண்ட் போகிறது. டிஸ்குக்கு ஆபத்தா? (நெடுங்கேணி)

எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் ஆபத்துத்தான். என்னுடைய டிஸ்க் ஒன்றில் அப்படித்தான் ஒரு கோப்புறை முழுவதும் போனது. கரண்ட் வந்ததும் பெயர்கள் இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் போதும், ஆனால் டிஸ்கின் கரண்டையும் சேர்த்துத் தாங்குமா என்று அம்பியர் கணக்குப் பார்த்து வாங்குங்கள். ஹப் போட்டிருந்தால் அதன் அடப்டருக்கும் காப்பு வேண்டும். டிஸ்கைக் கழற்றும்போது அமைப்புப் பக்கத்தில் அதன் இணைப்பை நீக்கிவிட்டே இழுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு யூபிஎஸ் காவல் இல்லை. சிக்னலுக்காகக் குழாய்க் கம்பத்தில் அன்டெனா ஏற்றியிருந்தால், வானம் கறுத்ததும் பிளக்கைக் கழற்றுவதோடு அன்டெனா வயரையும் ரவுட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அந்த வயரில் கை வைக்க வேண்டாம்.