ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளில் தொடங்கும் சொற்களுக்குப் பொருளிலும் உறவு உண்டா?

சில குடும்பங்களில் உண்டு. பெரும்பாலும் கிடையாது. போட்டித் தேர்வுக்குப் படிப்பதாகவும், ஜி-எல் என்று தொடங்கும் சொற்களை அகராதியில் புரட்டினால் எல்லாவற்றுக்கும் 'மின்னுதல்', 'ஒளிர்தல்' என்றே போட்டிருப்பதாகவும், இதில் எதை எங்கே எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே பக்கத்தில் முழி பிதுங்கி நின்றவன்தான்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் ஒரு நகைக்கடை விளம்பரம் கைக்கு வந்தது. நாலே வரி. அதற்குள் க்ளிட்டர், க்ளீம், க்ளோ மூன்றும் இருந்தன. மூன்றுக்கும் 'மின்னும்' என்றே எழுதிக் கொடுத்தேன். "என்ன சார், வரிக்கு வரி மின்னுது, இடி எப்ப விழும்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று என்னைக் கரையேற்றியது அகராதி இல்லை, நம்முடைய இரட்டைக்கிளவி. தமிழில் பளபள, மினுமினு, தகதக, கணகண என்று நாம் பிரித்துச் சொல்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலையைத்தான் ஆங்கிலத்தில் இந்த ஜி-எல் கூட்டம் செய்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு சொல்லையும் ஒரு காட்சியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

கல் அட்டிகையும் பட்டுச் சேலையின் ஜரிகையும் பல புள்ளிகளில் விட்டுவிட்டு மினுமினுக்கும். அது க்ளிட்டர். புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்த பித்தளைக் குடம் பளபளக்கிறதே, அது க்ளீம். தீ அணைந்த பிறகும் அடுப்பில் கணகணவென்று கிடக்கும் தணல் க்ளோ. அதில் ஆட்டம் இல்லை, சுடர் இல்லை, நிதானமான ஒளி. சந்தோஷத்தில் ஒருவர் முகம் பொலிவதற்கும் இதே சொல்தான். பாட்டி தலையைத் திருப்பும்போது மூக்குத்தி ஒரு நொடி பளிச்சிட்டு அடங்கினால் க்ளின்ட். அரிவாள் முனைக்கும் அது பொருந்தும். க்ளிஸனுக்கு ஈரமோ எண்ணெயோ வேண்டும்: பனி படிந்த இலை, வியர்த்த நெற்றி, கலங்கிய கண். (எழுதும்போது நடுவில் ஒரு டி உண்டு. வாயில் வராது. 'க்ளிஸ்டன்' என்று நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.) எண்ணெய் தீரப்போகிற அகல் விளக்கு க்ளிம்மர். அதனால்தான் நம்பிக்கை மங்கலாக மிஞ்சியிருக்கும்போது 'க்ளிம்மர் ஆஃப் ஹோப்' என்கிறார்கள். க்ளிட்டர் ஆஃப் ஹோப் என்று எழுதினால் நம்பிக்கைக்கு ஜிகினா ஒட்டியது மாதிரி ஆகிவிடும்.

வெளிச்சத்திலிருந்து அடுத்தது பார்வை. இங்கேதான் தேர்வில் மார்க் போகும். க்ளான்ஸ் நாம் பார்ப்பது, க்ளிம்ப்ஸ் நமக்குக் கிடைப்பது. பேசிக்கொண்டே கடிகாரத்தை ஒரு பார்வை பார்க்கிறீர்கள், அது க்ளான்ஸ். பின்னால் 'அட்' வரும். தேர்த் திருவிழாவில் ஆயிரம் தலைகளுக்கு நடுவே எக்கி எக்கிப் பார்த்து, ஒரு நொடி சாமி முகம் தெரிகிறது. அது க்ளிம்ப்ஸ், பின்னால் 'ஆஃப்'. கிடைப்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதால் 'கேட்ச் எ க்ளிம்ப்ஸ்' என்பார்கள். க்ளேர் இரண்டு பக்கமும் நிற்கிறது: எதிரே ஹைபீம் போட்டு வரும் லாரியின் கண்கூசும் வெளிச்சமும் அதுதான், அந்த டிரைவரை நாம் முறைப்பதும் அதுதான்.

சரி, இவையெல்லாம் உண்மையிலேயே ஒரே வயிற்றுப் பிள்ளைகளா? பல சொற்கள் அப்படித்தான். ஒளிர்தல் என்ற பொருளுள்ள மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து அவை கிளைத்ததாகச் சொல்கிறார்கள். கோல்டும் எல்லோவும் அந்த வேரின் தூரத்து உறவு. ஆனால் க்ளான்ஸ் வெளியாள். பிரெஞ்சு வழி வந்தது, முதலில் அதற்குப் 'பட்டு வழுக்கிப் போதல்' என்றுதான் பொருள். நம்பச் சிரமமாக இருந்தால் கிரிக்கெட்டைப் பாருங்கள்: ரஞ்சித்சிங்ஜியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் லெக் க்ளான்ஸில் பந்து மட்டையில் பட்டு வழுக்கித்தானே போகிறது, அங்கே பார்வைக்கு என்ன வேலை? ஜி-எல் கூட்டத்தோடு பழகிப் பழகி இந்தச் சொல்லுக்குப் பார்வை என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. க்ளாமர் இதைவிட வேடிக்கை. அது கிராமர் என்ற சொல் ஸ்காட்லாந்தில் திரிந்து வந்தது. எழுத்தறிவே மாய வித்தையாகத் தெரிந்த காலத்தில் 'மந்திரக் கட்டு' என்ற பொருளில் புழங்கி, அப்புறம் சினிமாவுக்கு வந்து சேர்ந்தது. பசை என்ற பொருளுள்ள க்ளூ, கையுறையான க்ளவ், உருண்டையான க்ளோப் ஆகியவற்றுக்கு இந்த வெளிச்சத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எஸ்-என் என்றால் மூக்கு. ஸ்னிஃப், ஸ்னோர், ஸ்னார்ட், ஸ்னவுட் என்று மோப்பமும் குறட்டையும் சீறலும் மூஞ்சியுமாக ஒரே மூக்கு மயம். நமக்கும் மூக்கு, மூச்சு, முகர், மோப்பம் என்று ஒரு வரிசை இல்லையா. இதில் தும்மலுக்கான ஸ்னீஸ் பழைய ஆங்கிலத்தில் எஸ்ஸில் தொடங்கவே இல்லை, எஃப்-என்னில் தொடங்கியது. எஸ்ஸுக்கு அப்போதிருந்த நீள வடிவம் எஃப் போலவே இருந்ததால் மாற்றிப் படித்துவிட்டார்கள் என்று ஒரு கருத்து உண்டு. மற்ற மூக்குச் சொற்களும் சேர்ந்து இழுத்திருக்கும். ஆனால் ஸ்னேக், ஸ்னோ, ஸ்னெயில் மூன்றும் மூக்குக்குச் சம்பந்தமே இல்லாதவை.

எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் டபிள்யூ-ஆர். டபிள்யூ வாயில் வராது, பொருளில் முறுக்கு இருக்கும். ரிங் என்றால் துணியை முறுக்கிப் பிழிவது, ரெஞ்ச் முறுக்கித் திருகுவது, ராப் சுற்றிக் கட்டுவது, ரீத் வளைத்துக் கட்டிய மலர்வளையம், ரிங்கிள் சுருக்கம், ரிஸ்ட் திரும்புகிற மணிக்கட்டு. தவறு என்ற பொருளில் நாம் தினமும் சொல்லும் ராங்குக்கும் ஆதிப் பொருள் 'வளைந்தது'. எதிர்ப்பதமான ரைட்டுக்கு 'நேரானது'. வள்ளுவர் செங்கோன்மைக்கு அடுத்த அதிகாரமாகக் கொடுங்கோன்மையை வைத்தாரே, நேரான கோல், வளைந்த கோல், அதே கணக்கு. ஆனால் எழுதுவது என்ற பொருளுள்ள ரைட் முறுக்கு வகை இல்லை. அதன் பழைய பொருள் கீறுதல். ஓலையில் எழுத்தாணியால் கீறிய நமக்கு அதைத் தனியாக விளக்க வேண்டாம்.

இந்த முறுக்கை 1653இலேயே குறித்து வைத்தவர் ஜான் வாலிஸ். முடிவிலிக்கு எட்டைப் படுக்கப்போட்ட குறியைக் கொடுத்த அதே கணித மேதைதான். லத்தீனில் ஆங்கில இலக்கணமும் எழுதினார். இப்படிப்பட்ட தொடக்க ஒலிகளுக்கு 1930இல் ஃபோனெஸ்தீம் என்று பெயர் வைத்தவர் ஆங்கிலேய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த். லாகூரில் பேராசிரியராக இருந்துவிட்டு லண்டன் திரும்பியவர், 1934இல் தமிழ் உச்சரிப்பு பற்றியும் ஒரு சுருக்கமான விளக்கம் எழுதினார். நம்முடைய சுற்று, சுழல், சுருள், சுருட்டு, சுருக்கம், சுழி வரிசை அவர் காதில் விழுந்திருந்தால் ரசித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். சுக்கும் சுண்டலும் அந்த வரிசையில் சேராது என்பது வேறு விஷயம்.

பொருளைத் தலைகீழாக்கிவிடும் ஒரு தொடக்கமும் உண்டு, ஐ-என். இன் வந்தால் 'இல்லை' என்று பள்ளியில் படித்திருப்போம். இன்கரெக்ட், இன்விசிபிள் வரைக்கும் சரிதான். டேங்கர் லாரியின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 'நல்லவேளை, தீப்பிடிக்காது' என்று சின்ன வயதில் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அங்கே இன் என்பது 'உள்ளே' என்ற பொருளில் வருகிற லத்தீன் இன். அந்த வண்டி நன்றாகவே பற்றி எரியும். இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் அமெரிக்காவின் தேசியத் தீத் தடுப்புச் சங்கம் 1920களில் இன்னை வெட்டிவிட்டு ஃப்ளேமபிள் என்றே எழுதச் சொன்னது. இன்வேல்யுவபிளில் இன் 'இல்லை'தான், ஆனால் மதிப்பில்லாதது என்று பொருள் இல்லை, மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. ஒரு வேலையை விட்டு வந்தபோது எனக்குக் கொடுத்த கடிதத்தில் 'இன்வேல்யுவபிள்' என்று என் பணியைக் குறிப்பிட்டிருந்தார்கள். போகிற நேரத்தில் இப்படி எழுதிவிட்டார்களே என்று ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

படிக்கும் முறைக்கு வருகிறேன். ஜி-எல் பக்கத்தை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து உருப்போடாதீர்கள். பொருள் நெருக்கமான சொற்களைச் சேர்த்துப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பும் என்று சொல் கற்றலில் பெரிய பெயரான நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷனும் எச்சரிக்கிறார். இன்றைக்குப் பித்தளைக் குடம், நாலு நாள் கழித்து மூக்குத்தி. குடும்பத்தை ஒன்றாகக் கூட்டி வைத்துப் பார்ப்பதெல்லாம் தனித்தனியாக அறிமுகம் ஆன பிறகு. க்ளிம்ப்ஸுக்கு என் தேர்த் திருவிழாவைக் கடன் வாங்க வேண்டாம். உங்களுக்கு ஒரு நொடி மட்டும் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்று இருக்கும், அதை எழுதி வையுங்கள்.